நாலாம் நம்பர் கொக்கு

துரு போய்விட்டது. கூடவே கொக்கும் போய்விட்டது.

கண்ணாடிக்காரர் பூதக்கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். சவரக்கத்தியின் அலகு தண்ணீர் மாதிரிப் பளபளத்தது. அதில் அவருடைய மூக்கு தெரிந்தது. மூக்கின் மேல் அரும்பியிருந்த வியர்வைகூடத் தெரிந்தது. ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருந்த கொக்கு முத்திரையும், அதன் கீழே இருந்த நாலு என்ற எண்ணும் மட்டும் தெரியவில்லை.

"ஐயையோ!" என்றார். கடையில் யாரும் இல்லாததால் இன்னொரு தடவை, கொஞ்சம் சத்தமாகவே சொல்லிக்கொண்டார்.

துரு மிளகளவுதான் இருந்தது, கொக்கின் வாலுக்குப் பக்கத்தில். மூக்குக்கண்ணாடி லென்ஸுக்கு மெருகு போடும் வெள்ளைப் பொடியைச் சக்கரத்தில் தடவி, இரண்டே இரண்டு சுற்று விட்டால் போதும் என்று நினைத்தார். இருபது வருடமாக லென்ஸ் தேய்க்கிற கை அது. இரண்டு சுற்றில் அதற்கு என்றைக்கு மனம் நிறைந்திருக்கிறது? இரண்டு நாலாகி, நாலு நாற்பதாகி, துரு இருந்த இடம் தெரியாமல் போனபோது கொக்கு இருந்த இடமும் தெரியாமல் போய்விட்டது.

சொந்தக் கத்தியாக இருந்தால் தூக்கிப் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கலாம். அது மாமனாரின் கத்தி. சரியாகச் சொன்னால், மாமனாருடைய தாத்தாவின் கத்தி.

மாமனார் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு வேலைக்குத்தான், பார்வைக்கு இல்லை. யாரைப் பார்த்தாலும் 'டிக்கெட்டை எடுங்க' என்கிற மாதிரியேதான் பார்ப்பார். அவர் மகளைக் கட்டிக்கொண்டு, அவர் வீட்டுக் கீழ்த்தளத்திலேயே குடியிருந்து பதினோரு வருடம் ஆகியும், கண்ணாடிக்காரருக்கு டிக்கெட் இல்லாமல் ஏறிவிட்ட உணர்வு போகவில்லை. மரியாதைக்கு ஒரு குறையும் கிடையாது. "வாங்க, உட்காருங்க, சாப்பிடுங்க" எல்லாம் உண்டு. "அதை எடுங்க, இதைப் பிடிங்க, அந்தப் பக்கம் போய் நில்லுங்க" என்பதுதான் கிடையாது. விருந்தாளியிடம் யாராவது வேலை சொல்வார்களா? அதோடு, மற்ற மாமனார்கள் மருமகனை "மாப்ளே" என்று கூப்பிடுவார்கள். இவர் "கண்ணாடிக்காரரே" என்றுதான் கூப்பிடுவார்.

கத்தி விஷயத்தில் இந்த ஏக்கம் இன்னும் அதிகம். மாமனார் தினமும் சவரம் செய்துகொள்வது எல்லோரையும் போல பிளாஸ்டிக் ரேசரில்தான். வருடத்தில் ஒரே ஒரு நாள், தன் பிறந்தநாள் காலையில் மட்டும், அந்தக் கத்தியை எடுப்பார். ஜன்னல் கம்பியில் முகம் பார்க்கும் கண்ணாடியை மாட்டி, குடும்பமே சுற்றி நிற்கும். முதலில் ஒரு சொற்பொழிவு.

"இது எங்க தாத்தாவோட கத்தி. நூறு வருஷம் ஆச்சு. செஞ்சவங்க கை சாதாரணக் கை இல்ல. கொக்குதான் முத்திரை. கீழ நாலுன்னு போட்டிருக்கு பாருங்க. இந்த மாதிரிக் கத்தி மொத்தமே நாலுதான். இதுக்கப்புறம் ஒண்ணு இந்த உலகத்துல கிடையாது!"

பிறகு ஆளுக்கொரு வேலை. நுரை அடிப்பது மாமியார். கத்தியைத் தோல்வாரில் தீட்டுவது மச்சான். எல்லாம் முடிந்ததும் துடைத்து, எண்ணெய் தடவி, பெட்டியில் வைப்பது மனைவி. கண்ணாடிக்காரர் மட்டும் வாசல் நிலையோடு இன்னொரு நிலையாக நின்று பார்த்துக்கொண்டிருப்பார். அந்தக் கத்தியை அவர் தொட்டதே இல்லை. தொடட்டுமா என்று கேட்கவும் தைரியம் வந்ததில்லை.

அப்படிப்பட்ட கத்தியைத்தான் முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை மாமனார் மாடியிலிருந்து தானே இறங்கி வந்து, பெட்டியோடு அவர் கையில் கொடுத்தார்.

"கண்ணாடிக்காரரே, இதுல ஒரு துருப்புள்ளி விழுந்திருக்கு. நீங்கதான் தேய்க்கிற ஆளாச்சே. பிறந்தநாளுக்கு இன்னும் பத்து நாள் இருக்கு. பார்த்துக் குடுங்க."

"நானா மாமா?"

"ஏன், முடியாதா?"

"ஊதித் தள்ளிடலாம் மாமா!"

மறுநாள் கடையில் பெட்டியைத் திறந்தபோது முதலில் அவர் செய்தது, அரை மணி நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருந்ததுதான். அலகின் இரண்டு பக்கமும் மைனஸ் பவர் லென்ஸ் மாதிரி உள்வாங்கிக் குழிந்திருந்தது. அந்தக் குழிவை மெஷினில் கொண்டுவரவே அவருக்கு நாக்குத் தள்ளும். யாரோ ஒருவர் வெறும் கையால் கொண்டுவந்திருக்கிறார், அதுவும் இரண்டு பக்கமும் மயிரிழை வித்தியாசம் இல்லாமல். நகத்தால் சுண்டினால் சன்னமாக 'ணங்' என்றது. நூறு வருடப் பொருளுக்கு இவ்வளவு உறுதியா! எப்பேர்ப்பட்ட ஆளாக இருந்திருக்க வேண்டும் என்று மனம் விட்டு வியந்தார். அந்த வியப்போடேதான் மெருகுச் சக்கரத்தைப் போட்டார். கொக்கு பறந்துவிட்டது.

இப்போது என்ன செய்வது? கொக்குதானே, திரும்ப வரைந்துவிட்டால் போகிறது. லென்ஸில் அடையாளம் கீறுகிற வைர ஊசி கையில் இருந்தது. போன பிறந்தநாளுக்கு எடுத்த படம் போனில் இருந்தது. படத்தைப் பெரிதாக்கி எதிரே வைத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்து, இரண்டு மணி நேரம் கீறினார். கழுத்தை நீட்டினார், காலை மடக்கினார், அலகைக் கூர்மையாக்கினார்.

கண்ணாடி வாங்க வந்த பள்ளிக்கூட ஆசிரியை எட்டிப் பார்த்தார். "அட, வாத்து அழகா இருக்கே சார்!"

"வாத்தா?"

"இல்லையா? அப்ப கோழியா?"

ஆசிரியையை அனுப்பிவிட்டு, வாத்தை அழிக்க உட்கார்ந்தார். வைர ஊசிக் கீறலாயிற்றே, மெருகுப் பொடிக்கு மசியவில்லை. சொரசொரப்பான கல் சக்கரத்தை மாட்டினார். வாத்து போனது. போகும்போது சக்கரம் அலகின் வாயை லேசாகக் கவ்வி, அரிசி அளவுக்கு ஒரு துண்டைப் பிய்த்துக்கொண்டு போனது.

அந்தப் பள்ளத்தைச் சமன் செய்ய, வாய் முழுவதையும் ஒரே சீராகக் குறைக்கலாம் என்று ஆரம்பித்தார். லென்ஸ் தேய்க்கும்போது சக்கரத்தின் மேல் தண்ணீர் விழுந்துகொண்டே இருக்க வேண்டும் என்பது அந்தத் தொழிலின் முதல் பாடம். பதற்றத்தில் குழாயைத் திறக்க மறந்தார். கத்தியின் ஓரம் மயில் கழுத்து மாதிரி நீலம் பாரித்தது. பார்ப்பதற்கு அழகாகத்தான் இருந்தது. ஒரு தாளை வெட்டிப் பார்த்தார். தாள் மரியாதையாக மடிந்து கொடுத்தது.

சரி, பிடியையாவது பளிச்சென்று ஆக்கிவிடுவோம் என்று தோன்றியது. கொம்பில் செய்த பிடி. லேசாக வளைந்திருந்தது. கண்ணாடிக் கடையில் வளைந்த ஃபிரேம் வந்தால் என்ன செய்வார்கள்? சூடு காட்டும் பெட்டியில் ஒரு நிமிடம் வைத்து, இளகியதும் நிமிர்த்துவார்கள். இவரும் வைத்தார். அந்த நேரம் பார்த்து ஒருவர் மூக்குத் திண்டு மாற்ற வந்து, தன் மூக்கைப் பற்றி நாலு நிமிடம் பேசிவிட்டுப் போனார். திரும்பி வந்து பார்த்தால், பிடி வாழைப்பழம் மாதிரி வளைந்து கிடந்தது. நிமிர்த்தினால் அந்தப் பக்கம் வளைந்தது.

காலையில் ஒரு மிளகளவு குறையோடு கடைக்கு வந்த கத்தி, சாயங்காலம் கொக்கு இல்லாமல், கூர்மை இல்லாமல், மூடவும் முடியாமல் துணியில் சுற்றப்பட்டு வீட்டுக்குப் போனது.

"கத்தி எப்படி இருக்கு?" என்று கேட்டாள் மனைவி.

"பிரமாதம்."

"உங்க முகம் ஏன் இப்படி வெளுத்துக் கிடக்கு?"

"மெருகுப் பொடி."

மனைவி முதுகைத் திருப்பிக்கொண்டு அலமாரியில் எதையோ தேடினாள். அவள் தோள் குலுங்கியதை, தும்மலாக இருக்கும் என்று நினைத்தார்.

படிக்கட்டில் மாமனார் எதிர்ப்பட்டார். "கண்ணாடிக்காரரே, நம்ம கத்தி எந்த அளவுல இருக்கு?"

"ரொம்ப மாறிப் போச்சு மாமா. நீங்களே அசந்துடுவீங்க," என்றார். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

இனி ஒரே வழிதான் இருந்தது. இதைச் செய்தவர் போய்ச் சேர்ந்திருப்பார். அவருடைய பரம்பரையில் யாராவது இருந்தால், அவர்கள் காலில் விழுந்தாவது இதை மீட்க வேண்டும்.

மறுநாள் எதிர்வரிசை சலூன்காரரிடம் துணி மூட்டையைப் பிரித்தார். சலூன்காரர் உள்ளே பார்த்துவிட்டு, கையிலிருந்த கத்தரியைக் கீழே வைத்தார்.

"என்ன சார், ஆக்சிடெண்டா?"

"மாதிரிதான். இது யார் செஞ்சதுன்னு கண்டுபிடிக்க முடியுமா?"

சலூன்காரர் கத்தியை எடுத்து, அலகின் பின்நுனியில் நீண்டிருந்த வாலில் சுண்டுவிரலை வைத்தார். விரல் தன் நாற்காலியில் உட்காருவது மாதிரி அங்கே போய் உட்கார்ந்தது. அவர் முகமே மாறிவிட்டது. "என்ன வேலைப்பாடு சார் இது! முப்பது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன், ஒரு கத்திகூட என் விரலை இப்படிக் கூப்பிட்டு உட்கார வச்சதில்ல. இதைப் போய் யாரு சார் இந்தக் கதி பண்ணது?"

கண்ணாடிக்காரர் முத்திரை கொக்கு என்று மட்டும் சொன்னார்.

"கொக்கா? எனக்குத் தெரியல. ஆஸ்பத்திரிக்குப் பின்னாடி ஆபரேஷன் கத்தரிக்கெல்லாம் சாணை பிடிக்கிற அண்ணன் ஒருத்தர் இருக்கார். அவரைக் கேளுங்க."

சாணைக்காரர் சக்கரத்தை நிறுத்தாமலே பதில் சொன்னார். "கொக்குப் பட்டறையா? ஐஸ் ஃபாக்டரி சந்துல, பச்சைக் கதவு."

"இன்னும் இருக்கா? நூறு வருஷம் ஆச்சுன்னாங்களே!"

"பட்டறைதானே, அது என்ன மனுஷனா சாகறதுக்கு?"

பச்சைக் கதவைத் திறந்தது எழுபதைத் தொட்ட ஓர் அம்மாள். முழங்கை வரை கரி. கண்ணாடிக்காரரின் கண்ணில் முதலில் பட்டது அவருடைய மூக்குக்கண்ணாடிதான். ஒரு பக்கக் காது உடைந்து, நூல் போட்டுக் கட்டியிருந்தது. பின்னால் சுவரெங்கும் விதவிதமான கத்தரிகள் தொங்கின. தையல்காரர்களுக்கும் ஆஸ்பத்திரிக்கும் போக வேண்டியவை, சீட்டுக் கட்டி வரிசையாகக் காத்திருந்தன.

அம்மாள் துணியைப் பிரித்தார். பதறவில்லை, உச்சுக் கொட்டவும் இல்லை. வளைந்த பிடியையும் நீலம் பாரித்த வாயையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எதுல தேய்ச்சீங்க?"

"லென்ஸ் மெருகு போடற சக்கரத்துலம்மா."

"ம்ம். இது புதுசு."

அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ளலாமா என்று கண்ணாடிக்காரர் ஒரு கணம் யோசித்தார்.

"கொக்கு உங்க முத்திரைதானாம்மா?"

"எங்க தாத்தா போட்டது."

"இதைச் சரி பண்ண முடியுமா?"

"இது செத்துப் போச்சு தம்பி. வேணும்னா வேற செஞ்சு தரேன்."

"இதே மாதிரியா? பழசு மாதிரியே?"

"நான் செஞ்சதைப் பார்த்துப் புதுசுன்னு இதுவரைக்கும் யாரும் சொன்னதில்ல."

கண்ணாடிக்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அடுத்த புதன்கிழமை காலைக்குள் வேண்டும் என்றார். அம்மாள் சரி என்றார். கொக்குக்குக் கீழே மறக்காமல் நாலு போட வேண்டும் என்றார். அம்மாள் தலையை ஆட்டினார், குறுக்காக.

"அஞ்சுதான் அடிப்பேன்."

"இல்லம்மா, நாலுதான் இருந்துச்சு..."

"நாலு ஆயிடுச்சு தம்பி. எங்க அப்பா கையில ஒண்ணு, என் கையில மூணு. அடுத்தது அஞ்சு. எங்க பட்டறையில எண்ணுல பொய் கிடையாது."

அவருக்கு மெய் சிலிர்த்தது. மாமனார் சொன்னது மெய்தான்! இத்தனை காலத்தில் நாலே நாலு! சுவரெல்லாம் கத்தரியாகத் தொங்கவிடுகிற கை, இந்தக் கத்தியை மட்டும் ஆயுளுக்கு மூன்று தடவைதான் செய்திருக்கிறது. ஐந்தாவது தனக்காகவா! மாமனாரின் கணக்கில் நூறு வருடம் மட்டும் கொஞ்சம் இடித்தது. அது பட்டறையின் வயதாக இருக்கும், வீட்டில் கேட்பவர்களுக்காக மாமனார் கத்திக்கு ஏற்றிச் சொல்லியிருப்பார் என்று அவரே சமாதானம் செய்துகொண்டார்.

அன்றிலிருந்து தினமும் மதியம் கடையைச் சாத்திவிட்டுப் பட்டறைக்கு ஓடினார். முதல் நாள் அம்மாளுடைய மூக்குக்கண்ணாடியை வாங்கி, நூலை அறுத்துப் போட்டுவிட்டு, புதுக் காது மாட்டிக் கொடுத்தார். அம்மாள் மாட்டிப் பார்த்து, "அட, உலகம் நேரா இருக்கே!" என்றார். அதற்குப் பிறகு உட்கார ஒரு முக்காலி கிடைத்தது.

அவர் பார்த்ததைச் சொல்ல வேண்டும் என்றால் ஒரு நாள் போதாது. இரும்பு பழுக்கும்போது அம்மாள் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, நிறத்தைத்தான் பார்த்தார். ஒரு குறிப்பிட்ட சிவப்பு வந்ததும் சட்டென்று எடுத்து எண்ணெயில் அமிழ்த்தினார். அரை விநாடி முன்னால் என்றால் வாய் மழுங்கும், அரை விநாடி பின்னால் என்றால் உடைந்து போகும் என்றார். குழிவு தேய்க்கும்போது கண்ணையே மூடிக்கொண்டார். காதைக் கல்லின் பக்கம் சாய்த்து, சத்தம் மெலிகிற இடத்தில் நிறுத்தினார். கண்ணாடிக்காரர் தன்னிடமிருந்த அளவுகோலை வைத்துச் சோதித்தார். இரண்டு பக்கமும் ஒரே குழிவு, துளி பிசகில்லை. அவர் லட்சக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய மெஷினுக்குக்கூட இந்தத் துல்லியம் கிடையாது. அவருக்குப் பொறாமையே வரவில்லை, சந்தோஷமாகத்தான் இருந்தது. இப்படி ஒரு கையைப் பார்க்கக் கொடுத்துவைத்ததற்காகக் கொக்கைத் தொலைத்தது கூடத் தப்பில்லை என்று ஒரு நிமிடம் நினைத்தார். அடுத்த நிமிடம் மாமனாரின் பார்வை ஞாபகம் வந்து, புதன்கிழமைக்கு இன்னும் எத்தனை நாள் என்று விரல் விட்டு எண்ணினார்.

கடைசி நாள் அம்மாள் சின்ன உளியை எடுத்து ஏழு தட்டுத் தட்டினார். ஏழாவது தட்டில் கொக்கு ஒற்றைக்காலில் நின்றது. இவர் இரண்டு மணி நேரம் பாடுபட்டு ஒரு வாத்தைத்தான் பெற்றார். கீழே இன்னும் இரண்டு தட்டில் ஐந்து. பிறகு டீத்தண்ணீரிலும் கரியிலும் எதையோ குழைத்துத் தடவித் துடைத்தார். கத்திக்கு நூறு வயது ஏறிவிட்டது.

"வீட்டுல எல்லாரையும் கேட்டதாச் சொல்லுங்க," என்றார் அம்மாள், கத்தியைத் துணியில் சுற்றிக்கொண்டே.

யாரிடம் எப்படிச் சொல்வது? கண்ணாடிக்காரர் தலையாட்டி வைத்தார்.

கத்தி வந்துவிட்டது, ஐந்து என்ற எண்ணும் கூடவே வந்துவிட்டது. முப்பத்தைந்து வருடம் ரயிலில் பொடி எழுத்து டிக்கெட்டைப் படித்துப் பழகிய கண்ணுக்கு நாலுக்கும் ஐந்துக்கும் வித்தியாசம் தெரியாதா? அது கண்ணில் படாமல் இருக்க வேண்டும் என்றால் ஒரே வழிதான் உண்டு. அந்த வழி கண்ணாடிக்காரரின் கையிலேயே இருந்தது.

"மாமா, உங்க மூக்குக்கண்ணாடியில ஏகப்பட்ட கீறல். குடுங்க, லென்ஸ் மாத்தித் தரேன்."

இருபது வருடத்தில் எந்த வாடிக்கையாளருக்கும் செய்யாத துரோகத்தை அன்று செய்தார். பாதிப் பவர் லென்ஸைப் போட்டுக் கொடுத்தார்.

மாமனார் மாட்டிக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். "கண்ணாடிக்காரரே, கொஞ்சம் மங்கலா இருக்கே?"

"புதுசுல அப்படித்தான் மாமா இருக்கும். பழகிடும்."

புதன்கிழமை காலை. ஜன்னல் கம்பியில் முகம் பார்க்கும் கண்ணாடி தொங்கியது. மாமியார் ஒரு கிண்ணத்தில் நுரை அடித்துக்கொண்டிருந்தார். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. பேச வேண்டியதையெல்லாம் மாமனாரே பேசிவிடுவதால் அவருக்கு வாய்ப்பும் இல்லை. மச்சான் தோல்வாரை ஜன்னல் கொண்டியில் மாட்டினார். மனைவி எண்ணெய்ப் புட்டியோடு நின்றாள். கண்ணாடிக்காரர் வழக்கம்போல வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார். இந்தத் தடவை பிடிக்காவிட்டால் விழுந்துவிடுவார் போலிருந்தது.

மாமனார் பெட்டியைத் திறந்தார். கத்தியைத் தூரத்தில் பிடித்தார், கிட்டத்தில் பிடித்தார், கண்ணைச் சுருக்கினார்.

"இது எங்க தாத்தாவோட கத்தி. நூறு வருஷம் ஆச்சு. செஞ்சவங்க கை சாதாரணக் கை இல்ல. கொக்குதான் முத்திரை. கீழ நாலுன்னு போட்டிருக்கு பாருங்க..."

கண்ணாடிக்காரர் ஒரு வாரமாகப் பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டார். தப்பித்தாயிற்று!

கத்தி மச்சானிடம் போனது. மச்சான் தீட்டப் போனவர், அலகை ஒருமுறை உற்றுப் பார்த்தார். தலையை நிமிர்த்திக் கண்ணாடிக்காரரைப் பார்த்தார். உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு வந்து போனது. கண்ணாடிக்காரர் நிலையை இன்னும் இறுக்கிப் பிடித்தார். ஆனால் மச்சான் தோல்வாரில் நாலு இழுப்பு இழுத்துக் கத்தியை அப்பாவிடம் நீட்டினார்.

நரைத்த கிருதா மாமனாருக்கு உயிர். அது ஒரு மயிர்கூடக் கோணக் கூடாது என்பதற்காக, மூக்கின் நுனியில் கண்ணாடியை மாட்டிக்கொண்டுதான் சவரம் செய்வார். இன்றைக்கும் மாட்டிக்கொண்டார். முகமெல்லாம் நுரை. கத்தியை ஓங்கினார். முதல் இழுப்பு கன்னத்துக்கு அரை விரல்கடை முன்னால், வெறும் காற்றில் போனது.

"என்னடா இது, முகம் தள்ளிப் போயிருக்கு?" என்று முணுமுணுத்தார்.

இரண்டாவது இழுப்பில் காது மடல் மயிரிழையில் தப்பியது. மாமனார் விடவில்லை. முகவாயைத் தூக்கி, தொண்டையை நீட்டி, இருக்கிற இடமும் இல்லாத இடமும் ஒன்றாகத் தெரிகிற கண்ணோடு, ஆளையே இரண்டாக வகிரக் கூடிய ஐந்தாம் எண் கொக்கைத் தொண்டைக்குழிக்குக் கொண்டு போனார்.

டிக்கெட்டாவது, மரியாதையாவது! கண்ணாடிக்காரர் நிலையை விட்டுப் பாய்ந்தார்.

"மாமா, நில்லுங்க! கத்தியைக் கீழ இறக்குங்க!"

மாமனாரின் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பிறகு வாய் தானாகக் கொட்ட ஆரம்பித்தது. "இது உங்க கத்தி இல்ல மாமா. உங்க தாத்தா கத்தியை நான் நாசம் பண்ணிட்டேன். கொக்கு போச்சு, நானே வரைஞ்சேன், அது வாத்தா வந்துச்சு. வாத்தை அழிச்சேன், வாயே போச்சு. பிடி வாழைப்பழமாயிடுச்சு. இது வேற கத்தி மாமா, அந்தப் பட்டறையிலயே சொல்லிச் செஞ்சது. நம்பர் அஞ்சு. உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு உங்க கண்ணாடியில பவரைப் பாதியாக் குறைச்சுட்டேன். என்னை என்ன வேணா சொல்லுங்க, கழுத்துப் பக்கம் மட்டும் போகாதீங்க!"

மாமனாரின் தாடையிலிருந்து ஒரு சொட்டு நுரை தரையில் விழுந்தது.

மாமனார் மெதுவாக மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அதான் ரெண்டு நாளா பேப்பர்ல இருக்கிறவன் எல்லாம் ஒரே ஆள் மாதிரி தெரியறானா? நான் எனக்குத்தான் வயசாயிடுச்சுன்னு நினைச்சேன்."

"மன்னிச்சுக்குங்க மாமா."

"மன்னிக்கறது இருக்கட்டும். பாதி நுரையோட நிக்கறேன். எனக்குக் கண்ணு தெரியல." அவர் கத்தியைத் திருப்பி, பிடியை மருமகன் பக்கம் நீட்டினார். ஸ்டூலில் உட்கார்ந்து, கண்ணை மூடி, கழுத்தை அண்ணாந்து காட்டினார். "பிடிங்க. நீங்களே பண்ணி விடுங்க, மாப்ளே."

மாப்ளே! கண்ணாடிக்காரருக்குக் கண் கலங்கியது. கத்தி கையில் பூ மாதிரி இருந்தது. வாலில் சுண்டுவிரலை வைத்தார், விரல் தானாக உட்கார்ந்தது. ஆனால் கை மட்டும் நடுங்கிக்கொண்டே இருந்தது.

"நான் எப்படி மாமா... பரம்பரைக் கத்தியையே ஒழிச்சுக் கட்டினவன் நான்..."

மனைவியும் மச்சானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டார்கள். மாமியார் கிண்ணத்தில் நுரை அடித்த கையை நிறுத்தவில்லை, தலையையும் நிமிர்த்தவில்லை.

"கை நடுங்காமப் பண்ணுங்க தம்பி," என்றார். "ஒண்ணாம் நம்பர், தாத்தா கத்தியை உங்க மாமா கெடுத்ததுக்குச் செஞ்சது, ரெண்டு நான் கெடுத்ததுக்கு, மூணு இவன், நாலு உங்க பொண்டாட்டி. அஞ்சு எப்ப வரும்னுதான் பதினோரு வருஷமா காத்துக்கிட்டு இருந்தோம்."